மேடைப் பாட்டு கதையை நகர்த்த வேண்டும்

இசை நாடகத்துக்குப் புதிதாகப் பாட்டு எழுதுகிறீர்களா? மெட்டைத் தேடும் முன், பாட்டு தொடங்கும்போது பாத்திரத்துக்கு என்ன வேண்டும், முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அங்கே வசனமே போதும்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் பாருங்கள். திருப்புன்கூர் சிவன் கோயிலுக்கு வெளியே நிற்கும் பக்தன் நந்தனுக்கு லிங்கம் தெரியாதபடி நந்தி மறைக்கிறது. ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ என்ற பாட்டில் நந்தி விலக, தரிசனம் கிடைக்கிறது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். என்ன அருமையான வேலைப்பாடு!

இன்னொன்று: உச்ச ஸ்தாயியில், அதாவது குரல் மிக உயரும் இடத்தில், வரும் சொல் ஆ, ஓ போன்ற நெடிலில் முடியட்டும். ‘விட்டு’, ‘பட்டு’ என்று முடித்தால் நடிகர் நீட்டிப் பாடத் திணறுவார்.