விசாரணை அறைக்குள் உங்களுடன் யார் வரலாம்?

சம்பளம், விடுப்பு, நோட்டீஸ் காலம். வேலை ஒப்பந்தத்தில் இவற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் பலரின் வழக்கம். ஒழுங்கு நடவடிக்கை, புகார் விசாரணை பற்றிய பத்தியையும் நிதானமாகப் படியுங்கள். ‘சக ஊழியர் ஒருவர் உடனிருக்கலாம்’ என்று மட்டும் இருந்தால், வழக்கறிஞரையோ குடும்பத்தினரையோ அனுமதிக்க மறுக்கலாம். ‘உடனிருக்கலாம்’ என்பது வேறு, ‘சார்பாகப் பேசலாம்’ என்பது வேறு. முதல் சொல்லைக் காட்டி, துணைக்கு வந்தவரை வாய் திறக்க விடாமல் உட்கார வைத்துவிடலாம். ‘நிர்வாகத்தின் அனுமதியுடன்’ என்ற சொற்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை (எண் 130), குறை விசாரணையில் தொழிற்சங்கப் பிரதிநிதியோ தொழிலாளி தானே தேர்ந்தெடுத்தவரோ துணைநிற்கலாம் என்கிறது, அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். சட்டம் தந்த உரிமையைப் பொதுவாக ஒப்பந்தம் பறிக்க முடியாது.

விசாரிப்பவர் யார் என்பதும் முக்கியம். நீங்கள் யார்மீது புகார் கொடுத்தீர்களோ அவரே நடுவராக அமர இடமிருக்கிறதா? வாசகம் தெளிவாக இல்லையென்றால், கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.