இரட்சிப்பைத் திங்கட்கிழமைக்குக் கொண்டுவருவது எப்படி?

மளிகைக்கடை வைத்திருக்கிறேன், ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுக்கிறேன். எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டோம், அதாவது இயேசுவால் பாவத்திலிருந்து மீட்கப்பட்டோம் என்று டக்கென்று சொல்பவர்களுக்குக்கூட, வாரநாளில் அதை வைத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை. நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

முதலில் பைபிளில் லூக்கா 19-ல் முதல் 10 வசனங்களை நிதானமாக வாசியுங்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதை அது. இயேசுவைப் பார்க்க அவன் ஏறிய காட்டத்தி மரத்தோடு நிறுத்திவிடாதீர்கள், அது சின்னப் பிள்ளைகளுக்கு. 5-ம் வசனத்திலேயே இயேசு, சகேயு வீட்டில் தங்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது 8-ம் வசனத்தில்தான் வருகிறது. இந்த வரிசை முக்கியம். காசு கொடுத்து இரட்சிப்பு வாங்க முடியாது. எபேசியர் 2:8 அதைத் தேவனுடைய ஈவு என்கிறது.

அப்புறம் ஒரு நோட்டை எடுங்கள். யாரிடம் கூடுதலாக வாங்கினீர்கள், எவ்வளவு என்று பெயர் போட்டு எழுதுங்கள். "எல்லாவற்றையும் மன்னியும் ஆண்டவரே" என்று மொத்தமாக ஜெபிப்பது சுலபம். எடை குறைந்த அரைக் கிலோ துவரம்பருப்பு அதில் காணாமல் போய்விடும்.

சகேயுவைப்போல நாலு மடங்கு தர வசதியில்லையா? எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறது. 100 ரூபாய்க்கு 120. கொடுக்கும்போது பிரசங்கம் வேண்டாம். "அண்ணாச்சி, போன மாசக் கணக்கில் கூட எழுதிட்டேன், இந்தாங்க" என்றால் போதும். தேவன் தங்களுக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டத்திலும் இதைச் சொல்லாதீர்கள், அவருக்குத்தான் சங்கடம்.

ஆள் இறந்துபோயிருந்தால் பணத்தை அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள்.