ஜிசிசியை மூலநிரலிலிருந்து பில்ட் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மணி நேரம் ஓடிய பில்ட், "எரர் 2" என்ற ஒரு வரியோடு நின்றிருக்கும். நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரை மூலநிரலிலிருந்து பில்ட் செய்து, அதாவது தானே உருவாக்கிப் பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. உடனே அந்தக் கடைசி வரியைக் காப்பி செய்து இணையத்தில் தேடுவோம். நான் பார்த்தவரை மற்ற எல்லாத் தவறுகளுக்கும் மூத்த தவறு இதுதான். பில்டின் படிகளை ஒவ்வொன்றாக ஓட்டும் கருவிதான் மேக். "எரர் 2" என்றால், தனக்குக் கீழே ஓடிய இன்னொரு மேக் தோற்றுவிட்டது என்று மேல்மட்ட மேக் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் தோற்றது என்பது சில நூறு வரிகளுக்கு மேலே கிடக்கும். எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டிருந்தால், ஒன்று விழுந்த பிறகும் மற்ற ஏழும் தம் பங்கை முடிக்கும்வரை எழுதிக்கொண்டே போகும். காரணம் இன்னும் மேலே தள்ளப்பட்டுவிடும்.

ஜிசிசி பில்டில் பிழை பிறக்கும் இடம் ஒன்று, கண்ணில் படும் இடம் வேறொன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். மேக்கின் வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். நின்றுவிட்டால், அதே இடத்திலிருந்து ஒரே ஒரு வேலையாக மேக்கை மறுபடி ஓட்டுங்கள். இப்போது உண்மையான பிழை திரையின் கடைசியில் வந்து நிற்கும்.

கணினியை ஆராய்ந்து பில்டைத் தயார்செய்யும் கான்ஃபிகர் கட்டத்தில் தோற்றால் கான்ஃபிக்.லாக் கோப்பைப் பார்க்கச் சொல்வார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜிசிசியில் கான்ஃபிக்.லாக் ஒன்றல்ல; ஒவ்வோர் உள் டைரக்டரிக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. "கேனாட் கம்ப்யூட் சஃபிக்ஸ் ஆஃப் ஆப்ஜெக்ட் ஃபைல்ஸ்" என்ற புகழ்பெற்ற பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தால் ஆப்ஜெக்ட் கோப்பின், அதாவது கம்பைலர் உருவாக்கும் இடைநிலைக் கோப்பின் பெயரில் ஏதோ குழப்பம் என்று தோன்றும். மேல்மட்ட லாகில் தேடினால் எதுவும் கிடைக்காது. பில்ட் டைரக்டரிக்குள், ஜிசிசியின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசிக்கென்று இருக்கும் லாகைத் திறந்தால், பெரும்பாலும் அங்கே வேறு கதை இருக்கும்: அப்போதுதான் உருவான கம்பைலர் ஓடத் தொடங்கியதும் எம்பிசி அல்லது எம்பிஎஃப்ஆர் லைப்ரரியைத் திறக்க முடியாமல் செத்துப்போயிருக்கும்.

அந்தக் கதையின் வேர், பில்டுக்கு முன்பே நாம் செய்த ஒரு காரியம். ஜிசிசிக்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித லைப்ரரிகள் கட்டாயம் வேண்டும். பலர் அவற்றைத் தனித்தனியாக இறக்கி, ஏதோ ஒரு டைரக்டரியில் நிறுவி, கான்ஃபிகருக்கு அந்தப் பாதையைக் கொடுப்பார்கள். லிங்க் செய்யும்போது பாதை கிடைத்துவிடும், ஓடும்போது கிடைக்காது. இதற்காகவே மூலநிரலின் கான்ட்ரிப் டைரக்டரியில் டவுன்லோட் பிரீரெக்விசிட்ஸ் என்றொரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். மூலநிரலின் மேல் டைரக்டரியில் நின்று அதை ஓட்டினால், தேவையான பதிப்புகளை இறக்கி அங்கேயே வைத்துவிடும். ஜிசிசி அவற்றைத் தன்னோடு சேர்த்தே பில்ட் செய்துகொள்ளும். இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. லைப்ரரி பாத் போன்ற சூழல் மாறிகளில் பாதைகளைச் சேர்க்கும்போது கடைசியில் ஒரு முக்காற்புள்ளி தங்கிவிட்டால், அது "இப்போது இருக்கும் டைரக்டரி" என்று பொருள்படும். அப்படி இருந்தால் பில்ட் செய்ய முடியாது என்று கான்ஃபிகர் நின்றுவிடும். ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் என்றோ எழுதி மறந்த வரி இதற்குக் காரணமாக இருக்கும்.

மூலநிரல் டைரக்டரிக்குள்ளேயே கான்ஃபிகரை ஓட்டுவது மற்ற மென்பொருள்களில் வழக்கம்; ஜிசிசிக்கு ஆகாது. வெளியே தனியாக ஒரு காலி டைரக்டரியை உருவாக்கி, அங்கிருந்து மூலநிரலின் கான்ஃபிகரை அழையுங்கள். ஒரு விருப்பத்தை மாற்றி மறுபடி கான்ஃபிகர் செய்யும்போது பழைய டைரக்டரியையே பயன்படுத்தாதீர்கள், முழுவதும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய கோப்புகளை அழிக்கும் மேக் கிளீனை நம்பி, பழைய அமைப்பின் மிச்சத்தோடு ஒரு முழு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சரி, இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது? கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலரைக் கொண்டு முதலில் ஒரு ஜிசிசி உருவாகும். அதைக் கொண்டு அதே மூலநிரலிலிருந்து இரண்டாவது ஜிசிசி. அந்த இரண்டாவதைக் கொண்டு மூன்றாவது. இந்தச் சுற்றுக்குத்தான் பூட்ஸ்ட்ராப் என்று பெயர். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலநிரலிலிருந்து, ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டிய கம்பைலர்களால் உருவானவை. ஆகவே அவற்றின் ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் "பூட்ஸ்ட்ராப் கம்பேரிசன் ஃபெயிலியர்" என்று நின்றுவிடும். கம்பைலர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தச் செய்தியைக் கண்டதும் டிஸேபிள்-பூட்ஸ்ட்ராப் போட்டு வாயை அடைத்துவிடுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம். வேகமாக ஓடட்டும் என்று நீங்கள் திணித்த ஆப்டிமைசேஷன் விருப்பங்கள் காரணமா என்று முதலில் பாருங்கள். கைவசம் அண்மைய ஜிசிசி இருந்து, சிறு சோதனைக்காக மட்டும் பில்ட் செய்கிறீர்கள் என்றால் பூட்ஸ்ட்ராப்பைத் தவிர்க்கலாம். அன்றாட வேலைக்கான கம்பைலர் என்றால் வேண்டாம்.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதலில் வெளியிட்டபோது இது சி மொழிக்கான கம்பைலர். இன்று நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஃபோர்ட்ரான், ஆப்ஜெக்டிவ் சி வரை பில்ட் செய்யக் கிளம்பிவிடும். எனேபிள்-லாங்குவேஜஸ் விருப்பத்தில் வேண்டிய மொழிகளை மட்டும் சொல்லுங்கள். எல்லாம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால், அடா மொழிக்கு ஏற்கெனவே ஓர் அடா கம்பைலர் வேண்டும். ஜிசிசி 12 முதல் டி மொழிக்கும் அதே நிலைதான்.

64 பிட் லினக்ஸில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் மல்டிலிப். இயல்பாக ஜிசிசி 32 பிட்டுக்கும் சேர்த்து லைப்ரரிகளை உருவாக்கப் பார்க்கும்; 32 பிட் சி லைப்ரரியின் ஹெடர்கள் பெரும்பாலான கணினிகளில் இருக்காது. புதிய பதிப்புகள் கான்ஃபிகரிலேயே இதைச் சொல்லிவிடுகின்றன. பழையவற்றில் நீண்ட நேரம் ஓடிய பிறகு "ஸ்டப்ஸ்-32" என்ற ஹெடர் இல்லை என்று நிற்கும். 32 பிட் நிரல் எழுதப் போவதில்லை என்றால் டிஸேபிள்-மல்டிலிப் போதும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் இதன் உடன்பிறப்பு உண்டு. அங்கே 32 பிட் அமைப்பில் ஹார்ட் ஃப்ளோட் (தசமக் கணக்கைச் செயலியின் வன்பொருளே செய்வது) என்று சொல்லாமல் கான்ஃபிகர் செய்தால், ஜிசிசி சாஃப்ட் ஃப்ளோட் என்று எடுத்துக்கொண்டு "ஸ்டப்ஸ்-சாஃப்ட்" ஹெடரைத் தேடும். அது அங்கே கிடையாது. ஹெடரைத் தேடி அலைவதில் பயனில்லை. குறை கான்ஃபிகர் வரியில் இருக்கிறது. எந்த விருப்பங்களைக் கொடுப்பது என்று எப்படித் தெரியும்? கணினியோடு வந்த ஜிசிசியிடமே கேளுங்கள். மைனஸ் வி விருப்பத்தோடு அதை ஓட்டினால், "கான்ஃபிகர்ட் வித்" என்று தொடங்கும் வரியில் தான் எப்படி உருவாக்கப்பட்டேன் என்று முழுவதும் சொல்லும். ஆர்ச், எஃப்பியூ, ஃப்ளோட் விருப்பங்களை அங்கிருந்து எடுங்கள். நிறுவும் இடத்தைச் சொல்லும் பிரீஃபிக்ஸை மட்டும் எடுக்காதீர்கள்; காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மேக்ஓஎஸ்ஸில் ஜிசிசி என்று தட்டினால் ஓடுவது கிளாங் என்ற வேறொரு கம்பைலர். அதனால் கெடுதல் இல்லை, முதல் கட்டத்தை அது நன்றாகவே முடித்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் இன்க்ளூட் டைரக்டரி இல்லை; ஹெடர்கள் எல்லாம் ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்பான எஸ்டிகேவுக்குள் போய்விட்டன. கிளாங்குக்கு அந்த இடம் தெரியும், புதிதாகப் பிறந்த ஜிசிசிக்குத் தெரியாது. எக்ஸ்சிரன் கட்டளை காட்டும் எஸ்டிகே பாதையை வித்-சிஸ்ரூட் விருப்பத்தில் கொடுத்தால்தான் அது எஸ்டிடிஐஓ ஹெடரைக் கண்டுபிடிக்கும். ஆப்பிள் சிலிக்கான் கணினி என்றால், மூல ஜிசிசியின் பல பதிப்புகளில் அதற்கான ஆதரவே கிடையாது. தனிக் கிளையாகப் பராமரிக்கப்படும் மூலநிரலை எடுக்க வேண்டும். அது தெரியாமல் விருப்பங்களை மாற்றி மாற்றிப் போடுவது வீண் உழைப்பு.

ஃப்ரீபிஎஸ்டியிலும் சொலாரிஸிலும் மேக் என்ற பெயரில் இருப்பது குனூ மேக் அல்ல. ஜிசிசிக்குக் குனூ மேக்தான் வேண்டும்; ஜிமேக் என்ற பெயரில் அதை நிறுவிப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் எம்சிஸ்2 போன்ற சூழலில் செய்வோர் பாதையில் இடைவெளி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயனர் பெயரிலேயே இடைவெளி இருந்தால் ஹோம் டைரக்டரியை விட்டு வெளியே வந்து, டிரைவின் மேல்மட்டத்தில் குறுகிய பெயரோடு ஒரு டைரக்டரியை உருவாக்குங்கள். கிட் வழியாக மூலநிரலை எடுத்தால் வரி முடிவுகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றும் வசதியை முன்பே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஷெல் ஸ்கிரிப்டுகள் விசித்திரமான பிழைகளோடு விழும். எந்த அமைப்பானாலும், கிட்டிலிருந்து எடுத்தால் ஃப்ளெக்ஸ் என்ற கருவியை நிறுவியிருக்க வேண்டும். வெளியீட்டு டார் கோப்பில் அது உருவாக்கும் கோப்புகள் தயாராகவே வரும்.

பழைய திட்டம் ஒன்றுக்காகப் பழைய ஜிசிசியைப் புதிய லினக்ஸில் பில்ட் செய்வது தனி வேதனை. ஜிசிசியின் மூலநிரல் மாறாமல் இருக்கிறது, அதன் காலடியில் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி நகர்ந்துவிட்டது. 2017இல் வந்த ஜிலிப்சி 2.26, "ஸ்ட்ரக்ட் யூகான்டெக்ஸ்ட்" என்ற பெயரை விட்டுவிட்டது. 2018இல் வந்த 2.28, யூஸ்டாட் ஹெடரை நீக்கியது. முதலாவது லிப்ஜிசிசியை உடைக்கும், இரண்டாவது, நிரலின் நினைவகப் பிழைகளைக் கண்டறிய உதவும் லிப்சானிடைசரை. ஜிசிசி 6.1 வேண்டும் என்று அடம் பிடிக்காமல் அந்தத் தொடரின் கடைசி வெளியீட்டை எடுத்தால், இப்படிப்பட்ட திருத்தங்கள் பெரும்பாலும் உள்ளே வந்திருக்கும். சானிடைசர் தேவையில்லை என்றால் கான்ஃபிகரிலேயே அதை நிறுத்திவிடலாம்.

பழைய கணினியில் புதிய ஜிசிசி என்ற எதிர்த்திசையிலும் சுவர் உண்டு. ஜிசிசியை பில்ட் செய்ய 4.8 பதிப்பு முதல் சி++ கம்பைலர் வேண்டும். 11 முதல் குறைந்தது சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும். சென்ட்ஓஎஸ் 6இல் இருப்பது ஜிசிசி 4.4. அதை வைத்து 11ஐ நேராகத் தொட முடியாது. 4.4ஐக் கொண்டு முதலில் 9ஐ உருவாக்கி, அதைக் கொண்டு மேலே ஏற வேண்டும்.

நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. என் பழைய 4 ஜிபி மடிக்கணினியில் எட்டு வேலைகளை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் "இன்டெர்னல் கம்பைலர் எரர்: கில்ட்" என்றிருந்தது. கம்பைலரில் வழு என்று நினைத்து வழுப்பட்டியல்களைத் தேடினேன். டிமெசேஜ் கட்டளையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: நினைவகம் தீர்ந்து, கர்னலே அதைக் கொன்றிருந்தது. "கில்ட்" என்ற சொல் இருந்தால் வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வட்டில் நினைவகமாகப் பயன்படும் ஸ்வாப் இடத்தைச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் விழுந்து, மறுபடி ஓட்டினால் தாண்டிப் போகிறது என்றால் ரேம் பழுதாக இருக்கலாம். மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள்.

இனி பிரீஃபிக்ஸ். லினக்ஸ் வினியோகங்களின் ஜிசிசி, யூஎஸ்ஆர் டைரக்டரியைப் பிரீஃபிக்ஸாகக் கொண்டு உருவானது. அதை அப்படியே காப்பி செய்து, ரூட்டாக மேக் இன்ஸ்டால் கொடுத்தால், கணினி நம்பியிருக்கும் கம்பைலரின் மேலேயே எழுதிவிடுவீர்கள். பேக்கேஜ் மேலாளருக்கு இது தெரியாது, அடுத்த அப்டேட்டில் இரண்டும் கலந்துபோகும். ஆப்ட் டைரக்டரியிலோ உங்கள் ஹோமிலோ பதிப்பு எண்ணோடு ஒரு தனி இடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஒரு டைரக்டரியை அழித்தால் போதும்.

நிறுவி முடித்த பிறகும் ஒரு பிழை காத்திருக்கும். ஜிசிசி 12ஆல் உருவாக்கிய சி++ நிரலை ஓட்டினால், "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 நாட் ஃபவுண்ட்" என்று வரலாம். நிரல் சரி, கம்பைலரும் சரி. ஓடும்போது கணினியின் பழைய சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ முன்னால் வந்து நின்றுவிட்டது. புதியது உங்கள் பிரீஃபிக்ஸுக்குள் லிப்64 டைரக்டரியில் இருக்கிறது. பலர் லிப் டைரக்டரியைக் காட்டிவிட்டு ஏன் கிடைக்கவில்லை என்று தவிப்பார்கள். எல்டி லைப்ரரி பாத்தை நிரந்தரமாக மாற்றி வைக்காதீர்கள், அது மற்ற நிரல்களையும் இழுக்கும். லிங்க் செய்யும்போதே ஆர்பாத் விருப்பத்தில் லிப்64 பாதையைக் கொடுத்துவிட்டு, உருவான நிரல்மீது, எந்த லைப்ரரி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். லிப்எஸ்டிடிசி++ வரிக்கு எதிரே உங்கள் பிரீஃபிக்ஸ் தெரிய வேண்டும்.