போதையை விட்டவருக்கு மூளைத் தூண்டுதல்: போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

குடியையோ போதை மாத்திரையையோ விட்டுச் சில வாரம் ஆன பிறகும் சொன்னது நினைவில் நிற்காது, ஒரு வேலையில் மனசு ஒட்டாது, ஆசை எழுந்தால் அடக்க வராது. இது திமிர் இல்லை, நெற்றிக்குப் பின்னால் இருந்து நம்மை யோசிக்க வைக்கிற மூளைப்பகுதி இன்னும் தேறவில்லை. அந்த இடத்தைத் தூண்டத்தான் டிஎம்எஸ் என்ற காந்தச் சிகிச்சையும் டிடிசிஎஸ் என்ற மெல்லிய மின்சாரச் சிகிச்சையும்.

'கரண்ட் வைப்பாங்களா?' என்று பயப்படாதீர்கள். மயக்க மருந்து கிடையாது, விழித்தபடியே உட்கார்ந்திருக்கலாம். டிஎம்எஸ்ஸில் தலையில் தட்டுவது போலிருக்கும், சத்தமும் உண்டு, காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். டிடிசிஎஸ்ஸில் உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக 1 அல்லது 2 மில்லியாம்பியர், சுமார் 20 நிமிடம், கொஞ்சம் அரிக்கும். ஆன்லைனில் மெஷின் வாங்கி வீட்டில் நீங்களே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் சிஎம்சி மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்தச் சிகிச்சை இவருக்குப் பொருந்துமா, எங்கே கிடைக்கும் என்று அங்கே கேளுங்கள். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம், காதுக்குள் வைத்த கருவி, பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கிறதா, என்னென்ன மாத்திரை, கடைசியாகக் குடித்தது எப்போது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பொய் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் குடியைத் திடீரென்று நிறுத்திய முதல் சில நாளில் தானாகவே வலிப்பு வரலாம், அது அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். தூக்கம் கெட்டாலும் வலிப்பு அபாயம் கூடும், சித்திரை வெயிலில் ராத்திரி புரண்டு படுத்தவர் காலையில் அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் 2008-இல் மனச்சோர்வுக்கும் 2020-இல் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதற்கும் டிஎம்எஸ்ஸுக்கு அனுமதி கிடைத்தது. போதையால் குறைந்த நினைவும் கவனமும் இதனால் தேறுமா என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்கு ஒன்றுமில்லை. கேரண்டி கொடுத்து முன்பணம் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தொடங்கும் முன்பே நினைவு, கவனம் இரண்டுக்கும் சோதனை எடுக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் மறுபடி. அதே கேள்வித்தாள் என்றால் பழக்கத்திலேயே மார்க் ஏறும், வேறு தாள் கேளுங்கள். டிஎம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டும், குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ் ஏறுகிறவர் கூலி இழப்பையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலிங்கையும் மாத்திரையையும் இதற்காக நிறுத்தக் கூடாது.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டாரா? திட்டாதீர்கள், மறைக்கவும் வேண்டாம், அன்றைக்கு உட்காரும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 14446-க்கு அழையுங்கள், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் அது.