போதைப்பொருளால் நேரும் மரணம்: புலன் விசாரணையை எங்கிருந்து தொடங்குவது?

போதை ஊசியாலோ மாத்திரையாலோ ஒருவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தால், காவல் நிலையத்தில் முதலில் பதிவாவது பெரும்பாலும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்) 194ஆம் பிரிவின் கீழ் ஒரு சந்தேக மரண வழக்குதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாகப் பலருக்கும் பழகிப்போனது, 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணுக்கு மாறியிருக்கிறது. வழக்கைப் பதிந்த கையோடு கோப்பை ஓரமாக வைத்துவிட்டு ஆய்வக அறிக்கைக்குக் காத்திருப்பதே இவ்வகை வழக்குகளைப் பாழாக்குகிறது. அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம். சாவுக்கு முன் நடந்ததைச் சொல்லக்கூடிய பொருள்களோ ஓரிரு நாளில் குப்பைக்குப் போய்விடும். தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டிய இக்குறிப்பு புதிதாகப் பணியேற்ற உதவி ஆய்வாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விசாரணை முறையாக நடக்கிறதா என்று அறிய விரும்பும் குடும்பத்தாருக்கும் இது பயன்படும்.

உடலை அகற்றுவதற்கு முன்பே இடத்தைக் காணொளியில் பதிவு செய்ய வேண்டும். வாயிலும் மூக்கிலும் நுரை இருக்கிறதா, முழங்கை மடிப்பிலும் காலிலும் ஊசித் தடங்கள் உள்ளனவா, காலணி எங்கே கிடக்கிறது, உடையில் மண் ஒட்டிய விதம் உடலை இழுத்து வந்ததைக் காட்டுகிறதா என்பனவற்றையெல்லாம் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தில் கண்டவற்றைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) எழுத வேண்டும். நுரை என்பது நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். நீரில் மூழ்கி இறந்தவரிடமும் அது காணப்படும் என்பதால், அதை மட்டும் கொண்டு முடிவுக்கு வரக் கூடாது. பதறிப்போன நண்பர்கள் உடலை வேறிடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் தடயத்தை மறைத்த குற்றமும், அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டத்தின்) 238ஆம் பிரிவும், சேரும்.

இடத்தில் கிடைப்பவற்றுள் மிகவும் பேசக்கூடியது மாத்திரை அட்டைதான். வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இங்கே பரவியிருப்பதால், கிழிந்த அட்டைத் துண்டைக்கூட விட்டுவிடக் கூடாது. அதன் ஓரத்தில் அச்சான தொகுதி எண்ணைக் கொண்டு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளர் வழியாகத் தயாரிப்பாளரையும், அவரிடமிருந்து மொத்த விற்பனையாளரையும், விற்பனைப் பட்டியல்களைத் தொடர்ந்து கடைசியாகச் சரக்கு கைமாறிய கடையையும் எட்டலாம். எண் உள்ள பகுதியை விற்பவரே வெட்டி எறிந்திருந்தால், அதுவும் மகஜரில் இடம்பெற வேண்டிய செய்திதான். சிரிஞ்சை வெறும் பாலித்தீன் உறையில் போடாமல் ஊசி குத்தாத கெட்டியான குழாயில் வைத்து, முத்திரையிட வேண்டும். அதில் எஞ்சிய ஒரு துளி, உள்ளுறுப்புகளில் கண்டறியப்படும் பொருளோடு ஒத்துப்போகும்போது வழக்குக்கு முதுகெலும்பு கிடைக்கிறது.

பஞ்சாயத்தார் (அப்பகுதியின் மதிப்புக்குரிய குடியிருப்பாளர்கள்) முன்னிலையில் பிரேத விசாரணை முடிந்ததும், அதன் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் நிர்வாக நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இறந்தவர் உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டவர் என்றால், நேராக அங்கே போய் அனுமதியின்போது எடுத்த இரத்தத்தையும் சிறுநீரையும் கேட்டு வாங்குவது பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருப்பதைவிட அவசரமானது. சாவுக்குப் பின் மருந்து உறுப்புகளிலிருந்து இரத்தத்துக்குக் கசியும் என்பதால், இதயத்திலிருந்து எடுத்த இரத்தம் உண்மையைவிட அதிக அளவைக் காட்டக்கூடும். தொடைச் சிரையின் (இரத்த நாளத்தின்) இரத்தத்தையே எடுக்கும்படி மருத்துவரிடம் எழுத்துமூலம் கோர வேண்டும். இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றோடு சிறுநீரும் கண்ணின் உள்நீரும் சேர்ந்தால் நல்லது. ஹெராயினுக்கே உரிய சிதைவுப்பொருள் இரத்தத்தில் விரைவில் மறைந்தாலும், இவ்விரண்டிலும் கூடுதல் நேரம் தங்கியிருக்கும். ரசாயனப் பரிசோதனைக்கான உறுப்புகளை ஃபார்மலினில் போட்டுவிட்டால் அப்பரிசோதனையே பழுதாகிவிடும். வழக்கமாகப் பயன்படுவது உப்பின் செறிவுக் கரைசல்.

தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'விஷம் ஏதும் உள்ளதா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கப்பட்டது; அத்தனை பழமையான மரபு உள்ள மாநிலத்தில் கேள்வியும் கூர்மையாக இருக்க வேண்டாமா? கிடைத்த மாத்திரையின் பெயர், மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்ததாகக் கூறப்படுகிறதா, சாவின் உத்தேச நேரம் ஆகியவற்றை எழுதினால் எதைத் தேடுவது என்பது ஆய்வகத்தாருக்குத் தெரியும். இறந்தவர் அண்மையில் சிறையிலிருந்தோ போதை மறுவாழ்வு மையத்திலிருந்தோ திரும்பியவரா என்பதையும் விசாரித்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இடைவெளி விட்டவரின் உடல் தாங்கும் திறனை இழந்திருப்பதால், முன்பு பழகிய அளவே அவரைக் கொன்றிருக்கக்கூடும்.

உடனிருந்த நண்பர்களை எடுத்த எடுப்பிலேயே குற்றம் சாட்டப்பட்டவர்களாக நடத்துவது எனக்கு உடன்பாடானதன்று. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு நுகர்வையே குற்றமாக்கியிருப்பதால், அவர்கள் ஆம்புலன்ஸை அழைக்கவே அஞ்சுகிறார்கள். ஆனால் விற்றவரை அடையாளம் காட்டக்கூடியவர்களும் அவர்களே. சாட்சியத்துக்கு ஈடாக வழக்கிலிருந்து விலக்களிக்க அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. இறந்தவரின் கைபேசியில் உள்ள உரையாடல்களையும் பணப் பரிமாற்றங்களையும் எடுக்கும்போது, பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழ் இல்லாவிட்டால் அவை நீதிமன்றத்தில் நிற்காது.

விற்றவர் பிடிபட்டதும் வாக்குமூலத்தை மட்டும் நம்பி அமர்ந்துவிடக் கூடாது. டூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் 67ஆம் பிரிவின்கீழ் தரும் வாக்குமூலமும் ஒப்புதலாக ஏற்கப்படுவதில்லை. உடல் சோதனைக்கு முன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனையிடக் கோரும் உரிமையை 50ஆம் பிரிவின்படி அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த ஒரு தவறால் வழக்குகள் சரிந்திருக்கின்றன. மரணத்துக்கே அவரைப் பொறுப்பாக்குவது இன்னும் கடினம். இறந்தவர் தானே ஊசி போட்டுக்கொண்டாரா, வேறொருவர் போட்டுவிட்டாரா என்பதே அங்கே திருப்புமுனை. பிறர் போட்டுவிட்டது தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவும் (நஞ்சு முதலியவற்றால் காயம் விளைவித்தல்), சாவு நேரக்கூடும் என்று அவர் அறிந்திருந்ததற்குச் சான்று கிடைத்தால் கொலையாகாத மரணம் விளைவித்தலும் பரிசீலனைக்கு வரும்.

குற்ற வழக்காக மாற்றப்பட்ட பின், விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவர் தரப்புக்கோ தெரிவிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு கூறுகிறது. அக்கடிதம் வராத குடும்பத்தினர், குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் மனு அளிக்கலாம்.