தோல்வி காணாத இருவர் மோதும்போது: சாம்பியன்ஷிப் குத்துச்சண்டைக்கு நீங்களே மதிப்பெண் போடுவது எப்படி

2024 மே 18 அன்று சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் டைசன் ஃபியூரியும் ஓலெக்சாந்தர் உசிக்கும் மோதிய ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை 12 சுற்றுகள் நடந்து முடிந்தபோது, மூன்று தீர்ப்பாளர்களில் ஒருவர் 115-112 என்றும் இன்னொருவர் 114-113 என்றும் உசிக்குக்குச் சாதகமாக எழுதியிருந்தார்கள். மற்றொருவர் 114-113 என்று ஃபியூரிக்குக் கொடுத்திருந்தார். ஒரே சண்டையைப் பார்த்த மூவர் எப்படி இப்படிப் பிரிய முடியும் என்று கேட்கத் தோன்றும். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அந்தச் சண்டைக்கு நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து, ரியாத் சண்டையையே முதன்மை உதாரணமாக வைத்துக்கொண்டு, முறையைச் சொல்கிறேன்.

சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டியது, இருவருடைய கணக்கையும் நிதானமாகப் படிப்பது. ரியாத்தில் ஏறும்போது உசிக்குக்கு 21 சண்டைகள், 21 வெற்றிகள். ஃபியூரிக்கு 34 வெற்றிகள், ஒரு டிரா. இருவரும் தோல்வி காணாதவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பல வகைகள் இருக்கின்றன. ஃபியூரியின் அந்த ஒரு டிரா 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் டியான்டே வைல்டருடன் மோதியபோது வந்தது; அன்று அவர் இரண்டு முறை தரையில் விழுந்து எழுந்தார். உசிக்கோ 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, பிறகு ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவில் எல்லாப் பட்டங்களையும் ஒன்றுசேர்த்து, அதன்பின் மேல் எடைக்கு வந்தவர். எண்ணை மட்டும் பார்த்து ஒருவரைப் பெரியவர் என்று மனத்தில் ஏற்றிக்கொண்டால், முதல் மணி அடிக்கும் முன்பே உங்கள் பேனா ஒரு பக்கம் சாய்ந்துவிடும். யாரைத் தோற்கடித்தார், எந்த வயதில், எந்த எடையில், எப்போது தடுமாறினார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு, மணி அடித்ததும் அதை ஒதுக்கி வையுங்கள். பழைய வெற்றிகளுக்கு இன்றைய சுற்றில் மதிப்பெண் கிடையாது.

உடல் அளவுகளைத் தெரிந்துகொள்வது வேறு வகையில் உதவும். அன்று ஃபியூரி 262 பவுண்டு, உசிக் 223.5 பவுண்டு, கிலோவில் சொன்னால் சுமார் 119-க்கு 101. ஃபியூரியின் உயரம் 6 அடி 9 அங்குலம், உசிக்கின் உயரம் 6 அடி 3 அங்குலம். அவ்வளவு உயரமானவர் தூரத்தில் நின்று ஜாப் (முன்கையை நேராக நீட்டிப் போடும் குத்து) போட விரும்புவார் என்பதும், குட்டையானவர் அந்தத் தூரத்தைக் கடந்து உள்ளே வர வேண்டும் என்பதும் முன்பே தெரிந்தால், சண்டை யாருடைய விருப்பப்படி நடக்கிறது என்பதைச் சீக்கிரம் கண்டுகொள்ளலாம்.

இனி தாள். குறுக்குக் கோடுகள் போட்டு 12 வரிசை வரையுங்கள். நான்கு பத்திகள் போதும்: சுற்றின் எண், ஒருவருடைய மதிப்பெண், மற்றவருடைய மதிப்பெண், கடைசியில் ஒரு சிறிய கட்டம். அந்தக் கட்டம் எதற்கென்று பிறகு சொல்கிறேன். என் கணக்கில் தாளிலேயே பயனுள்ள பகுதி அதுதான். பென்சில் வேண்டாம். அழித்துத் திருத்தும் வாய்ப்பு இருந்தால் கை திருத்தத்தான் பார்க்கும்.

மதிப்பெண் முறை எளிது. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு வழக்கமாக 9. தோற்றவர் அந்தச் சுற்றில் ஒரு முறை விழுந்திருந்தால் 8, இரண்டு முறை விழுந்திருந்தால் பெரும்பாலும் 7. விதிமீறலுக்காக நடுவர் புள்ளி குறைத்தால் அது தனியே கழியும். இருவருக்கும் 10 போடுவதற்கு விதியில் இடம் உண்டு என்றாலும், தீர்ப்பாளர்கள் அதை மிக அரிதாகவே செய்கிறார்கள். நீங்களும் தவிர்த்துவிடுங்கள், முடிவெடுக்க முடியாத சோர்வுதான் 10-10 ஆகத் தாளில் வந்து உட்காரும். இந்த முறை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், இருவருமே தோல்வி காணாத நிலையில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியபோது, யார் எத்தனை சுற்று வென்றார் என்றுதான் எண்ணினார்கள். 15 சுற்றுச் சண்டை அது. மேடையில் நின்ற நடுவரும் மதிப்பெண் போட்டார். கடைசிச் சுற்றில் ஃபிரேசியரின் இடது ஹுக்கில் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) அலி மல்லாந்து விழுந்தார். சுற்றுக் கணக்கில் அதுவும் ஒரு சுற்றுதான்; இன்றைய முறையில் அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

எதைப் பார்த்து 10 கொடுப்பது என்பதுதான் கடினமான பகுதி. நான்கு அளவுகோல்களைச் சொல்வார்கள்: சுத்தமாகப் பட்ட குத்து, பயன்தரும் முன்னேற்றம், மேடையைத் தன் விருப்பப்படி ஆளுவது, தற்காப்பு. இவை நான்கும் சம எடை கொண்டவை என்று நினைத்தால் குழம்பிப்போவீர்கள். முதலில் சுத்தமான குத்தை மட்டும் பாருங்கள். அதில் ஒருவர் தெளிவாக முந்தியிருந்தால் வேலை முடிந்தது. இருவரும் சமமாகத் தோன்றினால்தான் மற்ற மூன்றையும் தேட வேண்டும். முன்னால் நடந்து வந்துகொண்டே இருப்பது மட்டும் முன்னேற்றம் ஆகாது. வரும் வழியில் ஜாப் வாங்கிக்கொண்டே வருபவர் புள்ளி இழந்துகொண்டே வருகிறார்.

சுத்தமான குத்து எது என்பதைக் கண்டுபிடிக்க, அடிப்பவரின் கையைப் பார்க்காமல் அடிவாங்குபவரின் தலையையும் கால்களையும் பாருங்கள். கையுறை, முன்கை, தோள், முழங்கை ஆகியவற்றில் பட்டு நின்ற குத்துக்கு மதிப்பில்லை. ஆனால் தொலைக்காட்சியில் அதுவும் அதே சத்தத்தோடுதான் கேட்கும். உண்மையாகப் பட்டால் தலை பின்னால் சொடுக்கும், அல்லது கால் ஒரு கணம் தரையில் ஊன்றாமல் தள்ளாடும். விலாவில் பட்ட குத்து இன்னும் நுட்பமானது: வாங்கியவர் முகத்தில் எதையும் காட்ட மாட்டார், ஆனால் அவருடைய முழங்கை தானாகக் கீழே இறங்கி அந்த இடத்தை மூடும். ரியாத் சண்டையின் நடுச் சுற்றுகளில் ஃபியூரி உடலைக் குறிவைத்து அடித்தார். அந்தச் சுற்றுகளை மீண்டும் பார்க்கும்போது உசிக்கின் முழங்கைகளை மட்டும் கவனித்தால், ஏன் அவை ஃபியூரியின் பக்கம் போயின என்பது விளங்கும்.

கால்களைப் பற்றி இன்னொன்று. உசிக் இடது கை ஆட்டக்காரர், அதாவது வலது கால் முன்னால். எதிரில் இருப்பவரின் இடது கால் முன்னால். இருவருடைய முன்கால்களும் ஒன்றையொன்று உரசும் தூரத்தில் இருக்கும். எவருடைய முன்கால் மற்றவருடைய முன்காலுக்கு வெளிப்புறம் போய் நிற்கிறதோ அவருடைய பின்னால் இருக்கும் கையின் குத்துக்கு நேர்வழி திறந்துவிடும். அந்தப் பாதங்களின் போட்டியைச் சில சுற்றுகள் கவனியுங்கள். மேடையை யார் ஆளுகிறார்கள் என்ற மங்கலான அளவுகோல் உங்கள் கண் முன்னால் உருவம் பெறும்.

வர்ணனையின் ஒலியை நிறுத்திவிடுங்கள். இதை நான் விடாப்பிடியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ரியாத் சண்டைக்கு நான் முதலில் போட்ட தாளும், ஒலியில்லாமல் பார்த்துப் போட்ட தாளும் இரண்டு சுற்றுகளில் மாறியிருந்தன. நான் பார்த்தது அதே காட்சிகள்தான். வர்ணனையாளர் உற்சாகமாகக் கத்திய இடத்திலெல்லாம் என் பேனா அவர் பின்னால் போயிருந்தது. திரையில் ஓடும் குத்து எண்ணிக்கையையும் பார்க்க வேண்டாம். மேடையின் வெவ்வேறு பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் மூன்று தீர்ப்பாளர்களின் முன்னால் அந்த எண்ணிக்கை இல்லை.

மணி அடித்ததும், இடைவேளையின் ஒரு நிமிடத்திற்குள், மறுகாட்சி தொடங்கும் முன்பே எண்ணை எழுதிவிடுங்கள். மறுகாட்சி மிக அழகான குத்தைத்தான் காட்டும். மூன்று நிமிடத்தை அது காட்டாது. எழுதிய பிறகு பழைய வரிசைகளைத் திரும்பிப் பார்க்காதீர்கள். போன சுற்றில் இவருக்குக் கொடுத்துவிட்டோமே, இந்த முறை அவருக்குக் கொடுப்போம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஒவ்வொரு சுற்றும் தனிச் சண்டை.

இப்போது அந்தக் கடைசிக் கட்டம். ஒரு சுற்றுக்கு எண் போட்டபோது உங்களுக்கு உறுதி இருந்தால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். மற்றவருக்குக் கொடுத்திருந்தாலும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டேன் என்று தோன்றினால் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள் (இது மதிப்பெண் அல்ல, வெறும் குறி). நன்கு பொருந்திய இருவர் மோதும் சண்டையில் இப்படி மூன்று நான்கு புள்ளிகள் விழுவது இயல்பு. சண்டை முடிந்ததும் உங்கள் கூட்டலைப் பாருங்கள். பிறகு புள்ளி வைத்த சுற்றுகளையெல்லாம் ஒருவருக்கே கொடுத்து ஒரு முறையும், மற்றவருக்கே கொடுத்து ஒரு முறையும் கூட்டுங்கள். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் விழும் எந்தத் தீர்ப்பும் நேர்மையான கண் பார்த்திருக்கக் கூடியதே. அதற்கு வெளியே விழுந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நாக்டவுனை, அதாவது குத்து வாங்கி ஒருவர் விழுந்ததை, அறிவிப்பது மேடையில் இருக்கும் நடுவர். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும், வழுக்கி விழுந்ததாகச் சொன்னால் அதையும் ஏற்க வேண்டும். ரியாத்தில் ஒன்பதாவது சுற்றின் கடைசி நொடிகளில் உசிக்கின் இடது கைக் குத்துகளில் நிலைகுலைந்த ஃபியூரி, கால்கள் தம் கட்டுப்பாட்டில் இல்லாமல் கயிற்றில் மோதித் தள்ளாடினார். உடல் தரையைத் தொடவில்லை. ஆனால் கயிறு மட்டுமே ஒருவரை நிமிர்த்திப் பிடித்திருந்தால் அது விழுந்ததற்குச் சமம் என்பது விதி. நடுவர் மார்க் நெல்சன் குறுக்கே வந்து எண்ணினார். எண்ணி முடித்த சற்று நேரத்தில் மணி அடித்தது.

அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதை உங்கள் தாளை வைத்தே கணக்கிடலாம். நாக்டவுனோ புள்ளிக் குறைப்போ இல்லாத 12 சுற்றுச் சண்டையில், சுற்றுக்கு 19 வீதம் இருவருடைய மொத்தமும் சேர்ந்து 228 வரும். ரியாத்தில் 115-ம் 112-ம் சேர்ந்தால் 227. 114-ம் 113-ம் சேர்ந்தாலும் 227. அதாவது மூவருமே ஒரே ஒரு சுற்றை 10-8 என்று எழுதியிருக்கிறார்கள். 114-113 என்று உசிக்குக்குக் கொடுத்தவரின் தாளில் இருவருக்கும் ஆறாறு சுற்றுகள்; ஒன்பதாவது சுற்றின் அந்தக் கூடுதல் புள்ளிதான் வித்தியாசம். ஃபியூரிக்குக் கொடுத்தவர் அவருக்கு ஏழு சுற்றுகள் எழுதியிருக்கிறார். 115-112 கொடுத்தவர் உசிக்குக்கு ஏழு. நாக்டவுன் இல்லாமல் அதே சுற்று 10-9 ஆக இருந்திருந்தால், தாள்கள் உசிக்குக்கு ஒன்று, ஃபியூரிக்கு ஒன்று, 114-114 ஒன்று என்று நின்று, சண்டை டிராவில் முடிந்திருக்கும். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு யாரும் எட்டாத, எல்லாப் பட்டங்களும் கொண்ட ஹெவிவெயிட் சாம்பியன் என்ற இடம் அன்றும் காலியாகவே இருந்திருக்கும்.

முன்னிலையில் இருப்பதாக நினைத்துக் கடைசிச் சுற்றுகளைக் கோட்டைவிடுபவரையும் கவனிக்கப் பழகுங்கள். 1999 செப்டம்பர் 18 அன்று லாஸ் வேகாஸில் ஆஸ்கர் டி லா ஹோயாவும் ஃபீலிக்ஸ் டிரினிடாடும் தோல்வியற்றவர்களாகவே மோதினார்கள். முற்பாதியில் நன்றாகக் குத்திய டி லா ஹோயா, வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று நம்பி, கடைசிச் சுற்றுகளில் விலகி விலகி ஓடினார். டிரினிடாடுக்கு 115-113, 115-114; மூன்றாவது தாள் 114-114. அந்தச் சண்டைக்கு மதிப்பெண் போடும்போது முதல் சுற்றுகளின் அழகு உங்கள் மனத்தில் நிற்கும். ஓடியவருக்குக் கடைசிச் சுற்றுகளையும் கொடுக்கக் கை போகும். ஒவ்வொரு சுற்றையும் தனியாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதா என்று சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல சண்டையை நான் காணவில்லை.

ரியாத் சண்டையின் மறுமோதல் அதே 2024-இல் டிசம்பர் 21 அன்று அதே நகரில் நடந்தது. மூன்று தீர்ப்பாளர்களும் உசிக்குக்கு 116-112 கொடுத்தார்கள். கூட்டினால் 228, அதாவது எட்டுச் சுற்றுக்கு நான்கு. முதலில் மே மாதச் சண்டை, பிறகு இது என்று வரிசையாக இரண்டு தாள்கள் போட்டு, கடைசிக் கட்டத்தில் விழுந்த புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது தாளில் புள்ளிகள் எத்தனை, அவை எந்தெந்தச் சுற்றுகளில் விழுந்தன என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அந்தச் சுற்றுகளை மட்டும் மீண்டும் ஒலியில்லாமல் பாருங்கள்.