வடசென்னையில் தோட்டச் சங்கம் நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். அன்றைக்குப் பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை எங்காவது ஒரு சங்கம் பேனர் கட்டி மரக்கன்று நட்டுக்கொண்டிருக்கும். நாள் நல்ல நாள்தான், ஆனால் சென்னையில் அது நடவுக்கான பருவமில்லை. அக்னி நட்சத்திரம் முடிந்தும் அனல் குறைந்திருக்காது. நமக்கு உருப்படியான மழை தருவது வடகிழக்குப் பருவமழை, அதுவோ அக்டோபரில்தான் தொடங்கும். அதுவரை யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேளுங்கள், கூட்டம் மெல்லக் கலைந்துவிடும். ஜூனில் விழா வேண்டுமென்றால் பைகளில் விதை போட்டு நாற்று வளர்க்கத் தொடங்குங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

இடத்தை முதலில் முடிவு செய்வதும் தப்பு. ஆளைப் பிடித்துவிட்டு இடத்தைப் பாருங்கள். எதிர்வீட்டு அம்மாவோ முனை டீக்கடைக்காரரோ தினம் ஒரு குடம் ஊற்றச் சம்மதித்தால் அங்கே நடுங்கள். இல்லையென்றால் அடுத்த தெருவைப் பார்க்கலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்த ஊர் இழந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அப்புறமும் பூ அழகாக இருக்கிறது, சீக்கிரம் வளர்கிறது என்று, காற்றில் எளிதில் முறியும் குல்மோகரையே தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மின்கம்பிக்கு நேர் கீழே அதை நட்டால் நாலாவது வருஷமே வெட்ட ஆள் வரும். வேம்பு, புங்கம், பூவரசு நம் தெருவுக்குப் போதும். கடலோரமானால் புன்னையும் நன்றாக வரும். எந்த மரமானாலும் அடித்தண்டு வரை சிமென்ட் பூச விடாதீர்கள். தண்ணீர் இறங்காத மண்ணில் வேர் எப்படிப் பரவும்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகினால் பலர் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போடுகிறார்கள். ரசாயன உரமும் ஒரு வகை உப்புதான், செடிக்குத் தொல்லை இரட்டிப்பாகும். மழைநீரைப் பிடித்து மூடி வையுங்கள். திறந்து வைத்தால் டெங்கு கொசுதான் வளரும். தென்னை நார்க்கழிவைப் பிரித்தவுடன் தொட்டியில் கொட்டுவதும் இதே மாதிரி வினைதான். அதிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும்.

விதைப் பரிமாற்றத்தில் நடக்கும் கூத்து தனி. கடையில் வாங்கிய கலப்பின வெண்டையில் எடுத்த விதையை "நாட்டு விதை" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் வீட்டில் ஒரு செடி ஒரு மாதிரி, பக்கத்துச் செடி வேறு மாதிரி காய்க்கும். தக்காளி, கத்தரியிலும் இதே கதைதான். சுரையிலும் பூசணியிலும் இன்னொரு சிக்கல்: பக்கத்து மாடியில் வேறு ரகம் இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். தூய பூசணி விதை வேண்டுமென்றால் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தின மாலையே நூலால் கட்டி வைத்து, காலையில் கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவைத் திரும்ப மூடிவிட வேண்டும். சுரை மாலையில் மலரும், அதற்குப் பகலிலேயே கட்டி மாலையில் சேர்க்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கலப்பினம் அல்லாத தக்காளி, அவரை விதையோடு நிறுத்திக்கொள்ளலாம், அவற்றில் கலப்பு குறைவு. பொட்டலத்தில் ரகம், எடுத்த மாதம், எடுத்த வீடு மூன்றையும் எழுதாவிட்டால் வாங்காதீர்கள். ஈரம் காயாத விதையையும் வாங்காதீர்கள், ஆடிப்பட்டத்துக்குள் பூசணம் பிடித்துவிடும்.

பொது உரத்தொட்டி வைத்தால் பக்கத்திலேயே ஒரு மூட்டை காய்ந்த சருகும் இருக்கட்டும். காய்கறிக் கழிவை மட்டும் கொட்டினால் நாறும், புழு நெளியும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். சரி, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறதே.